சட்டைப் பையில் இன்னொரு கியூப்

கள்ளக்குறிச்சி
ஆகஸ்ட் 11

அன்புத் தங்கச்சி மாஹிராவுக்கு, அண்ணன் அப்சல் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா, அம்மா, நான் மூவரும் இங்கே சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல. மலைக்குப் போனதும் உனக்கு ஜலதோஷம் பிடித்ததாகச் சொன்னாயே, விட்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் ஆஸ்பத்திரியில் டவர் கிடைப்பதே ஒரு நிமிஷம். நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் அந்த நிமிஷம் போய்விடுகிறது. நேற்று என்ன நடந்தது? "மாஹி" என்பது வந்தது. அடுத்த சொல்லில் மாட்டிக்கொண்டேன். நீ "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். நான் கேட்க வந்தது "கம்பளி வேணுமா?" அவ்வளவுதான். கம்பளி இத்துடன் வருகிறது.

எல்லா எழுத்தும் என் வாயில் வருகிறது, இந்தக் க ஒன்று மட்டும் வர மாட்டேன் என்கிறது. பிறந்த ஊர் கள்ளக்குறிச்சி. பிழைப்பு கடை. தங்கச்சி வேலை பார்ப்பது கல்வராயன் மலை. ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட வித்தை, திருகி நிறம் சேர்க்கிற கியூப். யாரிடம் போய் முறையிடுவது? ஊரை "நம்ம ஊரு" என்றும் கியூபை "டப்பா" என்றும் சொல்லிக் காலத்தை ஓட்டுகிறேன். பேனாவில் மட்டும் பார், எத்தனை க! ஒன்றும் சிக்கவில்லை.

ஊசிக்கு அழுகிற பிள்ளைகளுக்கு ஒரு வித்தை கேட்டாய். இரண்டு டப்பா அனுப்புகிறேன். ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து இஷ்டத்துக்குத் திருகிக் கலைக்கச் சொல். ஆறு பக்கமும் நிறம் சேர்ந்த இன்னொன்று உன் கோட்டுப் பையில் இருக்கட்டும். கலைத்ததை வாங்கிக் கைக்குட்டையால் மூடும்போது மாற்றிவிடு. கையை உதறி, மேலே எறிந்து பிடி. சேர்ந்த டப்பா இறங்கி வரும். மாற்றுகிற நேரத்தில் பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சிரி. உன் முகத்தைப் பார்க்கிறவர்கள் உன் கையைப் பார்க்க மாட்டார்கள். படித்ததும் இந்தத் தாளைக் கிழித்துப் போடு. ரகசியத்தை வெளியே விடுகிறவன் வித்தைக்காரன் இல்லை.

உன் மலைக்கு வருகிற வெள்ளிமலை பஸ் கண்டக்டர் தனசேகரன் அண்ணனிடம் பார்சலைக் கொடுத்திருக்கிறேன். பதிலையும் அவரிடமே கொடுத்தனுப்பு.

வருகிற ஞாயிறு திருக்கோவிலூரில் பெண் பார்க்கப் போகிறோம். துஆ செய்.

உன் அண்ணன்,
அப்சல்


கல்வராயன் மலை
ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணனுக்கு, வ அலைக்கும் ஸலாம். கம்பளியோடு நான் நலம். ஜலதோஷம் போய் இருமல் வந்திருக்கிறது. நர்ஸுக்கே மருந்து சொல்ல யாரும் இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். கூடவே இந்த மலைக் கடுக்காய் ஒரு பை. இங்கே வருகிறவர்களெல்லாம் அன்பாகக் கொண்டுவந்து கொடுத்து என் அறை முழுக்கக் கடுக்காய்தான்.

வித்தை முதல் நாள் பிரமாதம். ஊசி போட்டதே தெரியாமல் ஒரு குட்டிப் பெண் வாயைப் பிளந்து நின்றாள். இரண்டாம் நாள் அவளே தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அக்காக்காரி ஒரு தடவைதான் பார்த்தாள். "நர்ஸக்கா, ஒங்க பாக்கெட்டு இன்னா இப்பிடி வீங்கிக்கினு இருக்குது?" என்று கேட்டு, கையை விட்டு எடுத்தே விட்டாள். லேப் தேவிப்ரியா சிரித்த சிரிப்பில் ரத்தம் எடுக்க வந்தவர் பயந்துபோனார். எனக்கு உன்னைப் போல முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. மாற்றும்போது உதட்டைக் கடித்துவிடுகிறேன்.

திருக்கோவிலூர் போனதைப் பற்றி எழுது. பெண் எப்படி? நீ என்ன பேசினாய்? எல்லாவற்றையும் எழுது.

இருமலுடன்,
மாஹிரா


கள்ளக்குறிச்சி
செப்டம்பர் 3

அன்பு மாஹிராவுக்கு, ஸலாம். இங்கே எல்லோரும் நலம். உன் இருமலுக்கு அம்மா அரைத்த பொடி இத்துடன் இருக்கிறது. தேனில் குழைத்துச் சாப்பிடு, தண்ணீரில் அல்ல.

பெண் பெயர் சப்ரின். பி.எஸ்சி. முடித்துவிட்டு ஆன்லைன் சென்டர் ஒன்றில் விண்ணப்பம் பதிகிற வேலை. அவளுடைய அத்தாவுக்குத் துணிக்கடை. எனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதினால் அது குறைவு. பஸ்ஸில் திரும்பும்போது உளுந்தூர்பேட்டைக்காரர் யாரோ என் காலை மிதித்ததற்கு நான் நன்றி சொன்னேனாம், அத்தா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

டீ வந்ததும் அம்மா டப்பாவைக் காட்டச் சொன்னது. அவளுடைய அத்தாவே வாங்கிக் கலைத்தார். ஜாக்கெட் பிட் அளக்கிற கை, விட்டு வைக்குமா, நன்றாகவே திருகிக் கொடுத்தார். கைக்குட்டை போட்டேன். எறிந்தேன். பிடித்தேன். சேர்ந்திருந்தது. ஹாலே கைதட்டியது. அவளுடைய சித்தப்பா மகன் ஒருவன், "மாப்ள ஒரு வார்த்த பேசாம சைலண்ட்டா பண்றாரு பாருங்க, அதான் ஸ்டைலு" என்றான்.

அம்மா உடனே பிடித்துக்கொண்டது. "எம்புள்ள பேச்சு கம்மிங்க. வூடு, கடை, தொழுகை, இந்த டப்பா. அவ்ளோதான்."

"அதாங்க வேணும். இப்ப அவனவன் ஜாஸ்தி பேசறான்" என்று அவளுடைய அத்தாவுக்கு ஏக சந்தோஷம்.

சப்ரின் மட்டும் கைதட்டவில்லை. "இன்னொரு வாட்டி பண்ணுங்க" என்றாள். ஒரே இடத்தில் அதே வித்தையை இரண்டாம் முறை செய்யக் கூடாது. தலையை ஆட்டிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுதத் தெரியவில்லை.

அவர்களுக்குச் சம்மதம். நமக்கும். அல்ஹம்துலில்லாஹ்.

ஆகாயத்தில் நடக்கிற,
அண்ணன்


கல்வராயன் மலை
செப்டம்பர் 9

அன்பு அண்ணனுக்கு, ஸலாம். பொடி சாப்பிட்டு இருமல் நின்றது; அம்மாவிடம் சொல். உன் கடிதத்தைப் படித்து இந்தச் சின்ன அறையில் தனியாகவே கைதட்டினேன். சப்ரினை எனக்கு இப்போதே பிடித்துவிட்டது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வீட்டில் இருந்த நேரம் முழுவதும் நீ வாயைத் திறந்து என்ன பேசினாய்? ஸலாம் சொன்னதைக் கழித்துவிட்டு எழுது.

மழை தொடங்கிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஊர்ந்து வருகிறது. கடிதம் தாமதமானால் கவலைப்படாதே.

மாஹிரா


கள்ளக்குறிச்சி
செப்டம்பர் 28

அன்பு மாஹிராவுக்கு, ஸலாம். நலம், நலமறிய ஆவல். அம்மா முழங்காலுக்குத் தைலம் நன்றாகக் கேட்கிறது. இன்னும் இரண்டு பாட்டில் வேண்டுமாம்.

கடையில் வியாபாரம் பரவாயில்லை. பண்டிகை சீசன் என்பதால் வளையலும் கிளிப்பும் ஓடுகின்றன. கச்சிராயபாளையத்திலிருந்து கரும்புக்காரர் ஒருவர் பேத்திக்குத் தோடு வாங்க வந்தார். தோட்டை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். புது வித்தை ஒன்று பழகுகிறேன். வாடிக்கையாளர் ஒரு டப்பாவைக் கலைப்பார், என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற டப்பாவும் அச்சு அசலாக அப்படியே கலைந்திருக்கும். சேர்ப்பதைவிடக் கஷ்டம், ஒரே மாதிரி கலைப்பது.

கோமுகி அணையில் தண்ணீர் ஏறியிருக்கிறதாம். அத்தா புதுக் கண்ணாடி மாற்றியிருக்கிறார், இப்போது என் சட்டை அழுக்கெல்லாம் தெரிகிறது. நிக்காஹ் ஜனவரியில் என்று பேசி முடித்திருக்கிறார்கள், திருக்கோவிலூர் ஷாதி மஹாலில். லீவுக்கு இப்போதே சொல்லி வை.

வேறு விசேஷம் இல்லை.

அப்சல்


கல்வராயன் மலை
அக்டோபர் 5

அண்ணனுக்கு, ஸலாம். நான் நலம். நீயும் அப்படியே இருப்பாய்.

கரும்புக்காரர் எழுதினாய், அணை எழுதினாய், அத்தாவின் கண்ணாடி எழுதினாய். நான் கேட்டது எங்கே? இந்த மலையிலிருந்து நான் உனக்குக் கடுக்காய் அனுப்பினேன். நீ எனக்கே கடுக்காய் கொடுக்கிறாயா?

கோபமாக எழுதுகிறேன், அப்படியே படி. உனக்குத் திக்குவது எனக்கு ஒரு நாளும் குறையாகப் பட்டதில்லை. சப்ரினுக்கும் படாமல் போகலாம். பட்டாலும் படலாம். அது அவள் முடிவு. ஆனால் அவளுக்குத் தெரியவே தெரியாதே! பேச்சு கம்மி என்று அம்மா சொன்னதை அவர்கள் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். பேசாமல் வித்தை செய்ததை ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள். நீ சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்த ஹாலில் நீ கைக்குட்டை போட்டு மூடியது டப்பாவை மட்டும் அல்ல.

நிக்காஹ் மேடையில் ஊரே பார்க்க, சம்மதத்துக்கு "கபூல்" என்று சொல்ல வேண்டும். அதற்கும் முதல் எழுத்து என்ன என்று யோசித்தாயா? அன்றைக்குத்தான் அவள் முதல்முதலாகத் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நானும் உன்னோடு உட்கார்ந்து அழுவேன். இருந்தாலும் சொல். அம்மா சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன். கடிதம் எழுதியும் தப்பிக்காதே. உன் வாயால் சொல்.

மாஹிரா


கள்ளக்குறிச்சி
நவம்பர் 17

அன்பு மாஹிராவுக்கு, ஸலாம். அல்லாஹ் உன்னை நலமாக வைத்திருக்கட்டும். தனசேகரன் அண்ணன் தினமும் கடைக்கு வந்து, "தங்கச்சி லெட்டரு இருக்குதான்னு கேக்குதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார். இல்லை என்று தலையாட்டுவேன். முதலில் உன் மேல் கோபம். அப்புறம் உன் மேல் கோபப்பட முடியவில்லையே என்று கோபம்.

போன வாரம் திருக்கோவிலூர் போனேன். வீட்டில் சரக்கு எடுக்கப் போவதாகச் சொன்னேன். அவள் வேலை பார்க்கிற ஆன்லைன் சென்டருக்கே போய் நின்றேன். முதலாளியின் மனைவியும் இருந்தார். சப்ரின் நிமிர்ந்து பார்த்துத் தட்டச்சு செய்வதையே விட்டுவிட்டாள். "இன்னாங்க, இங்க?"

பையிலிருந்து இரண்டு டப்பாவையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன். ஒன்று சேர்ந்தது. இன்னொன்று அன்றைக்கு அவளுடைய அத்தா கலைத்தது. அதை நான் இன்னும் சேர்க்கவில்லை மாஹி. ஏன் என்று கேட்காதே.

சொல்ல வந்தது இதுதான்: "கலைச்சது இன்னும் என் பையிலதான் இருக்குது." எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்த வாக்கியம், முதல் எழுத்தே க என்பதைக் கவனிக்கவில்லை! வாயைத் திறந்தேன். நின்றுவிட்டது. ஒரு அம்மா வந்து, சான்றிதழுக்கு விண்ணப்பித்து, பிரிண்ட் எடுத்து, சில்லறை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். நான் இன்னும் முதல் எழுத்தில். கழுத்தெல்லாம் வேர்வை. சப்ரின் முதலில் என் வாயைப் பார்த்தாள், அப்புறம் கண்ணைப் பார்த்தாள். தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை, வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. எனக்கு அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் வேலை."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வித்தையின் ரகசியத்தைத்தான் முதலில் சொன்னேன்: உங்கள் அத்தா கலைத்தது ஒன்று, நான் மேலே எறிந்தது இன்னொன்று, எல்லோரும் கைதட்டியபோது கலைந்தது என் சட்டைப் பையிலேயே கலைந்து கிடந்தது. அதைச் சொன்ன விதத்திலேயே மற்றது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே இப்படி, சரியாகாது, குறையலாம், கூடலாம் என்றேன். என் ஆயுளில் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் பேசியதில்லை. ஒரே மூச்சு என்று எழுதுவது பொய், நூறு மூச்சு இருக்கும்.

முடித்ததும் "இவ்ளோதானா?" என்றாள்.

"எது? டப்பாவா, இதுவா?"

"ரெண்டுந்தான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கணுங்க. பேச்சு கம்மியான மாப்ளன்னு எங்கத்தா ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு இருக்காரு. நாளைக்கு அவருக்கு மொகம் எப்பிடி இருக்கும்?" என்றாள். அந்தக் கோபம் நியாயம். தலையைக் குனிந்துகொண்டேன். நான் எழுந்தபோது கொஞ்சம் இறங்கி வந்து, "வூட்ல நானே சொல்றேன். நீங்க போங்க. இங்க சர்வரே தெனமும் நின்னு நின்னுதான் வருது, நான் எழுந்து ஓடிட்டனா இன்னா?" என்றாள்.

அப்புறம் நாலைந்து நாள் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை அவளுடைய அத்தா கடைக்கே வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. நம் அத்தா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மனிதர் டீயை முழுக்கக் குடித்து முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "பொண்ணு சொல்லுச்சு. எனக்கு வருத்தந்தான். திக்கறதுக்கு இல்ல, மறைச்சதுக்கு" என்றார். நம் அத்தா அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அவர் எழுந்துகொண்டே சொன்னார்: "தேதியில மாத்தம் இல்ல. பத்திரிகை அடிச்சிடுங்க."

அம்மா உள்ளே போய்த் தொழுதது. நான் கடைக்குப் பின்னால் போய் அழுதேன்.

உன்னால்தான். வேறு எப்படி எழுத?

அண்ணன்


கல்வராயன் மலை
நவம்பர் 26

அன்பான, அன்பான அண்ணனுக்கு, ஸலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, இப்போது மனதுக்கும் ஒன்றும் இல்லை. கடிதத்தைப் பஸ் நிற்கிற இடத்திலேயே பிரித்துப் படித்தேன். தனசேகரன் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பஸ்ஸை எடுக்க விடாமல் நின்றார். "நல்ல சேதிதான்" என்றதும் ஏதோ தானே எழுதியதைப் போலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விசில் கொடுத்தார்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்கக் கீழே வந்து அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன்; அப்போது உனக்குத் தெரியாமல் நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். "கபூல்னுதான் சொல்லணும்னு இல்லம்மா. தமிழ்ல ஏற்றுக்கொண்டேன்னு சொன்னாலும் நிக்காஹ் கூடும்" என்றார். ஏ உனக்குச் சிக்கவே சிக்காத எழுத்து! ஒரு நொடியில் முடிந்துவிடும். இனி நிம்மதியாகத் தூங்கு.

பட்டுச் சட்டையா, கோட்டா? எதுவானாலும் பை வீங்கித் தெரியாமல் பார்த்துக்கொள்.

மாஹிரா


கள்ளக்குறிச்சி
ஜனவரி 2

அன்பு மாஹிராவுக்கு, ஸலாம். வீட்டில் பெயிண்ட் வாசனை, அம்மாவுக்குத் தும்மல், மற்றபடி நலம். மலையில் பனி அதிகமாமே, கம்பளியை விடாதே.

நீ ஹஜ்ரத்தைப் பார்த்ததை அவரும் சொன்னார். உன்னைப் போல ஒரு தங்கச்சி யாருக்குக் கிடைக்கும்? ஏற்றுக்கொண்டேன் என்று பத்து முறை சொல்லிப் பார்த்தேன். வெண்ணெயாக வழுக்குகிறது. கபூலும் தனியாக இருக்கும்போது வழுக்கத்தான் செய்கிறது. ஆள் வந்து நின்றால்தான் வம்பு.

இருந்தாலும் ஒன்று. திருக்கோவிலூரிலிருந்து திரும்பும்போதெல்லாம் கண்டக்டரிடம் நான் டிக்கெட் கேட்கிற விதம் உனக்குத் தெரியும். "நம்ம ஊரு ஒண்ணு" என்பேன். எந்த ஊர் உங்கள் ஊர் என்று அவர் கேட்பார். பஸ்ஸே சிரிக்கும். இத்தனை வருஷமும் அந்த ஓர் எழுத்து வரும் பாதையை விட்டு ஒதுங்கி ஒதுங்கியே போயிருக்கிறேன். நிக்காஹிலும் ஒதுங்கத்தான் வேண்டுமா? அவள் முன்னால் ஒரு முறை நின்றுவிட்டேன், எதுவும் இடிந்து விழவில்லை. ஆனால் அத்தாவை நினைத்தால் பயமாக இருக்கிறது. அவ்வளவு பேர் நடுவில் நான் நின்றுபோனால் அவர் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்?

இன்னும் முடிவு செய்யவில்லை. மேடைக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். சீக்கிரம் வா.

அப்சல்


கல்வராயன் மலை
ஜனவரி 27

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும், உங்கள் மாஹிராவின் ஸலாம். நல்லபடியாக மலை ஏறிவிட்டேன். பிரியாணியின் புண்ணியத்தில் வயிறு மட்டும் இரண்டு நாள் மக்கர் செய்தது. இப்போது நலம். அத்தாவும் அம்மாவும் நலம்தானே? இந்தக் கடிதத்தை முதலில் நீ தனியாகப் படி, பிறகு அண்ணியிடம் கொடு. வெட்கப்பட்டால் நான் பொறுப்பில்லை.

கீழே நடந்தது உனக்குத் தெரியும். மேலே, பெண்கள் பக்கம் நடந்தது தெரியாது. வந்த கூட்டத்தில் உன்னிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

எங்களால் உங்களைப் பார்க்க முடியாது, தலைக்கு மேல் இருந்த ஸ்பீக்கரில் கேட்க மட்டும்தான் முடியும். ஹஜ்ரத் குத்பா ஓதி முடித்தார். உன் பெயரைச் சொல்லிக் கேட்டார். நான் ஏ வரும் என்று காத்திருந்தேன். ஸ்பீக்கரில் "க" என்று வந்தது. இந்த மனிதர் ஒதுங்கவில்லை என்று புரிந்துவிட்டது. அப்புறம் மறுபடியும் "க". அப்புறம் ஒன்றும் இல்லை. காற்றாடிச் சத்தம்தான் கேட்டது.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா, "மைக்கு ரிப்பேராயிடுச்சா? யாராச்சும் கீழ போயி சொல்லுங்கடி" என்று எழுந்தேவிட்டார்.

எனக்கு வாய் வரவில்லை அண்ணே. உன் தங்கச்சி, உன் வாயாலேயே சொல் என்று கோபமாக எழுதியவள், அந்த நேரத்தில் நானே தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணிதான் நிமிர்ந்தது. மல்லிகைச் சரத்தை முகத்திலிருந்து ஒதுக்கிவிட்டு, அந்தப் பெரியம்மாவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னது:

"உக்காருங்க பெரிம்மா. மைக்கு நல்லாத்தான் இருக்குது. அவரு பேசிக்கினு இருக்காரு."

துஆவுடன்,
மாஹிரா